அடித்தல் திருத்தல் உள்ள செக் செல்லுமா?

மலருக்கு எதைப் பற்றி எழுதப் போகிறாய் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். "செக் பற்றி" என்றேன். "செஸ் விளையாட்டா?" என்றார் ஒருவர். இல்லை ஐயா, வங்கியில் போடுகிற செக், காசோலை என்றதும், "அது காமர்ஸ் பசங்க சமாச்சாரம் ஆச்சே, மெக்கானிக்கல்காரனுக்கு அதில் என்ன வேலை?" என்று அடுத்த கேள்வி வந்தது.

வேலை இருக்கிறது நண்பர்களே. டிப்ளமோ முடித்த கையோடு நம்மில் பாதிப் பேர் ஏதாவது ஒரு பட்டறையிலோ சைட்டிலோ சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். சிலர் சொந்தமாக லேத் போடுவோம். டீக்கடைக்குச் செல்போனிலேயே பணம் அனுப்பிவிடலாம், சரி. ஆனால் ஜாப் ஒர்க் பில்லுக்கு இன்றும் பல இடங்களில் தேதி தள்ளிப் போட்ட செக்தான் வருகிறது. மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போனால், "கையெழுத்துப் போட்டு ரெண்டு செக் கொடுங்க" என்கிறார்கள். அந்தத் தாளில் ஓர் எழுத்து மாறினால் யார் தலையில் விடியும் என்பதைத்தான் எனக்குத் தெரிந்த மட்டும் எழுதப் போகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் சட்டத்தை உட்கார்ந்து படிக்க வேண்டிய ஒரு கட்டாயம் எங்கள் குடும்பத்துக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

யார் திருத்தினார்?

நம் டிராயிங் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் ஆகிவிட்ட ஒரு டிராயிங்கில் அளவை மாற்ற வேண்டுமானால், ரப்பரால் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதில்லை. பழைய அளவை ஒரு கோடு போட்டு அடித்து, புதியதை எழுதி, மூலையில் ரிவிஷன் கட்டத்தில் தேதியும் சுருக்கொப்பமும் போடுகிறோம். யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். செக் விஷயத்தில் சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். மை மேல் மை ஏறியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு செக் செத்துப் போவதில்லை. ஏற்றியது யார், யாருடைய சம்மதத்தோடு ஏற்றினார் என்றுதான் சட்டம் பார்க்கிறது.

இந்தியாவில் செக்கை ஆளுவது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம், பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடப்பில் இருக்கிறது. இதன் 87ஆவது பிரிவுதான் நம் பாடத்தின் மையம். செக்கில் முக்கியமான ஒரு திருத்தத்தைச் செய்தால், அதற்குச் சம்மதிக்காத தரப்பினருக்கு எதிராக அந்தச் செக் செல்லாது என்கிறது அது. கூடவே ஒரு விலக்கும் உண்டு: எழுதியபோது இரு தரப்பும் மனதில் வைத்திருந்த நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகச் செய்த திருத்தம் என்றால் பாதகமில்லை.

முக்கியமான திருத்தம் என்றால் எது? தேதி, தொகை, பணம் பெறுபவரின் பெயர், பணம் கிடைக்க வேண்டிய இடம் இவற்றை மாற்றுவது. ஆர்டர் செக்கைக் கொண்டு வருபவருக்கே பணம் தரும் பேரர் செக்காக மாற்றுவதும் இதில் சேரும். மாறாக, சாதாரணச் செக்கை வாங்கியவர் பாதுகாப்புக்காக மூலையில் இரண்டு கோடு போட்டு கிராஸ் செய்துகொண்டால் அது குற்றமில்லை, 125ஆவது பிரிவே அந்த உரிமையை அவருக்குக் கொடுக்கிறது. அச்சிட்டிருக்கும் 'பேரர்' என்ற சொல்லைச் செக் கொடுப்பவர் அடித்துவிடுவதும் அப்படித்தான். செக்கை இறுக்கிக் கட்டுகிற மாற்றத்தைச் சட்டம் தடுப்பதில்லை, தளர்த்துகிற மாற்றத்தைத்தான் சந்தேகிக்கிறது என்று நானாக ஒரு சூத்திரம் வைத்திருக்கிறேன். தேர்வில் எழுத முடியாது, நினைவில் நிற்கும்.

குமார் என்பவர் செல்வத்துக்கு 10,000 ரூபாய்க்குச் செக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செல்வம் ஒரு சைபர் சேர்த்து அதை ஒரு லட்சம் ஆக்கிவிடுகிறார். பிடிபடுகிறது. "சரி, ஒரு லட்சம் வேண்டாம், பழைய பத்தாயிரத்தையாவது இந்தச் செக்கை வைத்துக் கொடு" என்று செல்வம் கேட்க முடியுமா? முடியாது. குமாரைப் பொறுத்தவரை அந்தச் செக் முழுவதுமே போயிற்று. கொஞ்சம் கடுமையாகத் தோன்றுகிறது அல்லவா? இந்த விதியின் வேர் 1791இல் இங்கிலாந்தில் முடிந்த மாஸ்டர் எதிர் மில்லர் வழக்கில் இருக்கிறது. ஓர் உண்டியலின் தேதியை மார்ச் 26 என்பதிலிருந்து மார்ச் 20 ஆக மாற்றியிருந்தார்கள். வித்தியாசம் ஆறே நாள்! இருந்தும் உண்டியல் செல்லாது என்றது நீதிமன்றம். மோசடி செய்து பார்க்கலாம், மாட்டினால் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம் என்றால் எல்லாரும் செய்து பார்ப்பார்கள். மாட்டினால் கையில் இருப்பதும் போகும் என்ற பயம் வேண்டும் என்பது நீதிபதிகளின் எண்ணம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

இப்போது மறுபக்கம். செக் கொடுத்த குமாரே தேதியைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்? வீரா எக்ஸ்போர்ட்ஸ் எதிர் கலாவதி என்ற வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. காலாவதியான செக்கின் தேதியை அதைக் கொடுத்தவரே மாற்றி மறுபடி உயிர் கொடுக்கலாம், அதற்கு 87ஆவது பிரிவு தடையில்லை என்பது தீர்ப்பு. தானே மாற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு "அடித்தல் திருத்தல் இருக்கிறது, செல்லாது" என்று கையை விரிக்க முடியாது.

சட்டம் சரி என்றாலும் வங்கி வாங்காது!

குழப்பம் தொடங்குவது இங்கேதான். பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருத்தினால் போதும் என்று நம் அப்பாக்கள் சொல்வது அவர்கள் காலத்துக்குச் சரி. இப்போது அப்படிக் கொண்டுபோனால் செக் திரும்பி வந்துவிடும். ஏன் என்று தெரிந்துகொள்ள, செக் இன்று எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் செக் தாள் மூட்டையாகக் கிளியரிங் ஹவுஸ் போய், பணம் கொடுக்க வேண்டிய வங்கிக்கே நேரில் போய்ச் சேரும். 2008 பிப்ரவரியில் டில்லியிலும், 2011 செப்டம்பரில் சென்னையிலும் சி.டி.எஸ். என்ற முறை வந்தது. இதில் தாள் நகராது. நீங்கள் செக் போட்ட வங்கியிலேயே அதை ஸ்கேன் செய்து மூன்று படங்கள் எடுக்கிறார்கள்: முன்பக்கம் சாம்பல் நிறச் சாயலில் ஒன்று, முன்பக்கமும் பின்பக்கமும் வெறும் கறுப்பு வெள்ளையில் இரண்டு. அடியில் காந்த மையில் அச்சிட்ட எண்களும் படங்களோடு போகின்றன. பணம் கொடுக்கும் வங்கியின் அதிகாரி பார்ப்பது திரையில் தெரியும் படத்தை மட்டும்தான். தாளைத் தடவிப் பார்க்க முடியாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரப்பர் தேய்த்த இடம் மெலிந்திருக்கிறதா என்று பார்க்க முடியாது. நீல மை மேல் வேறு நீல மை ஏறியிருந்தால் சாம்பல் படத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அதனால்தான் ரிசர்வ் வங்கி ஒரேயடியாக ஒரு விதி போட்டது. 2010 டிசம்பர் 1 முதல், சி.டி.எஸ். வழியாகப் போகும் செக்கில் பெயரிலோ, எண்ணால் எழுதிய தொகையிலோ, எழுத்தால் எழுதிய தொகையிலோ எந்தத் திருத்தமும் கூடாது. தவறினால் புதிய தாளில் எழுத வேண்டும். செக்கைப் புதுப்பிப்பதற்காகத் தேதியை மாற்றுவது ஒன்றுக்குத்தான் விலக்கு. அப்போது இது ஊருக்கு ஊர் வித்தியாசப்பட்டது. 2021 செப்டம்பருக்குள் நாட்டின் எல்லாக் கிளைகளையும் சி.டி.எஸ்.ஸுக்குள் கொண்டுவர ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதால், இப்போது எல்லா ஊருக்கும் இதே விதிதான்.

ஆக, ஒரே செக் சட்டப்படி செல்லும், வங்கியில் செல்லாது என்ற விசித்திர நிலை உண்டாகலாம். நீங்கள் வாங்குகிற இடத்தில் நின்றால் அந்தச் செக்கைக் கையில் வாங்காதீர்கள். "கையெழுத்துப் போட்டிருக்கேன்ல தம்பி" என்று முதலாளி சொன்னால், "வேற தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க சார், கிளியரிங்ல திருப்பிடுவாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஜனவரி மாதத்தில் இது அடிக்கடி நடக்கும்: கைப்பழக்கத்தில் போன வருஷத்தை எழுதிவிடுவார்கள். 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான், அதற்கு முன்பு ஆறு மாதமாக இருந்தது. ஆகவே வருஷம் தவறினால் செக் பிறக்கும்போதே கிழமாகிவிடும்.

எண்ணில் ஒன்றும் எழுத்தில் ஒன்றுமாகத் தொகை இருந்தால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது 18ஆவது பிரிவு. நடைமுறையில் அதையும் வங்கிகள் திருப்பிவிடுகின்றன. சட்டப் பிரிவைக் கவுன்டரில் காட்டி வாதாடிப் பயனில்லை.

பணம் போய்விட்டால் யார் நஷ்டம்?

திருத்தப்பட்ட செக்குக்கு வங்கி பணமும் கொடுத்துவிட்டது என்று வையுங்கள். 89ஆவது பிரிவின் சாரம் இது: திருத்தம் கண்ணுக்குத் தெரியாதபடி இருந்து, வங்கி நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவு இல்லாமலும் பணம் கொடுத்திருந்தால் வங்கியைக் குற்றம் சொல்ல முடியாது. 1990களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரா வங்கிக்கும் ஆட்டோமோட்டிவ் இன்ஜினீயரிங் என்ற நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். புற ஊதா விளக்கில் வைத்துப் பார்த்திருந்தால் மோசடி தெரிந்திருக்கும், வங்கி அதைச் செய்யவில்லை என்பது வாதம். வெறும் கண்ணுக்குத் தெரியாத திருத்தத்துக்காக வங்கியைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. நஷ்டம் செக் கொடுத்தவருக்கு.

கையெழுத்தே போலி என்றால் கதை வேறு. அது உங்கள் உத்தரவே இல்லை, வங்கிதான் பொறுப்பு. 1987இல் கனரா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கையெழுத்து உங்களுடையது, மற்றது மாறியிருக்கிறது என்னும்போதுதான் சிக்கல் எல்லாம்.

நம் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது என்பதால், அங்கே 1918இல் பிரபுக்கள் சபை வரை போன இன்னொரு வழக்கையும் சொல்லிவிடுகிறேன். படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மக்மில்லன் அண்டு ஆர்தர் என்ற கம்பெனியின் பங்குதாரர் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறார். சில்லறைச் செலவுக்கு என்று குமாஸ்தா ஒரு செக்கை நீட்டுகிறான். எண்ணில் 2 பவுண்டு. எழுத்தில் எழுத வேண்டிய வரி காலி. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். எண்ணுக்கு இரு பக்கமும் இடம் விட்டிருந்த குமாஸ்தா, முன்னால் 1, பின்னால் 0 சேர்த்து, எழுத்திலும் நூற்று இருபது பவுண்டு என்று எழுதிப் பணத்தை எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டான். கம்பெனி வங்கி மேல் வழக்குப் போட்டது. தோற்றது. இடைவெளி விட்டு மோசடிக்கு வழி திறந்தவர் வாடிக்கையாளர், வங்கி அல்ல என்றார்கள். தொகைக்கு முன்னும் பின்னும் இடம் விடாதே, கடைசியில் 'மட்டும்' என்று எழுதிக் கோடு இழு என்று பெரியவர்கள் சொல்வதன் பின்னால் இப்படி ஒரு மதியச் சாப்பாடு இருக்கிறது!

பேனா விஷயத்திலும் கவனம். சூடு பட்டால் மறையும் மை உள்ள பேனாக்கள் கடையிலேயே கிடைக்கின்றன, சுமார் 60 டிகிரி செல்சியஸில் எழுத்து காணாமல் போகும். விண்ணப்பம் வாங்க வந்தவர் தன் பேனாவை நீட்டினால், "என்கிட்ட இருக்குங்க" என்று சொல்லி உங்கள் பால்பாயின்டை எடுங்கள். 'கேன்சல்டு' என்று எழுதிக் கொடுக்கும் செக்கில் கையெழுத்துப் போட வேண்டிய தேவையே இல்லை.

ஒன்றுமே எழுதாத செக்

இனி எங்கள் வீட்டுக் கதை. என் தாய்மாமா கோவையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். பழைய மில்லிங் மெஷின் ஒன்று வாங்க ஒரு தனியார் ஃபைனான்ஸில் 1,80,000 ரூபாய் கடன் வாங்கினார். கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்குகளைக் கொடுத்திருந்தார். மாதாமாதம் கட்டி ஒரு லட்சத்துக்கு மேல் அடைத்தும்விட்டார். நடுவில் ஆர்டர் இல்லாமல் மூன்று தவணை நின்றது. ஒருநாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது: 1,80,000 ரூபாய்க்கு நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது, 15 நாளில் கட்டாவிட்டால் வழக்கு. நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் மாப்ளே, இதுல கையெழுத்து மட்டுந்தானே நம்முது? தேதி, பேரு, தொகை எல்லாம் எவனோ எழுதுனது. கையெழுத்து வேற, மை வேற. இது திருத்துன செக்குதானே? செல்லாதில்ல?"

கேட்டால் நியாயமான கேள்வி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சட்டத்தின் பதில் வேறு. காலி இடத்தை நிரப்புவது திருத்தம் ஆகாது, ஏனென்றால் மாற்றுவதற்கு அங்கே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை! 2019இல் பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஒருவர் தானாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பினாலும், அது ஒரு கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் அவருக்கு எதிராக எழும். 2022இல் இன்னொரு வழக்கில், நிரப்பியது யார் கையெழுத்து என்று நிபுணரை வைத்துச் சோதிப்பதிலும் பயனில்லை என்றார்கள். 138ஆவது பிரிவின்படி தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, 2 ரூபாயை 20 ஆக்கினால் செக் செல்லாது. வெற்றிடத்தை 1,80,000 ஆக்கினால் செல்லும்! மாமா அதைக் கேட்டுவிட்டுப் பட்டறை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அனுமானம் என்றால் முடிவு அல்ல. அதை உடைக்கலாம். அதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் தேவையில்லை, நம் தரப்பு சொல்வதே நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். இங்கே எங்களுக்குக் கை கொடுத்தது 2022இல் வந்த தஷ்ரத்பாய் பட்டேல் வழக்கின் தீர்ப்பு. செக் கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதி அடைக்கப்பட்டிருந்தால், அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் அதை வங்கியில் போட முடியாது. அப்படிப் போட்டுத் திரும்பினால் 138ஆவது பிரிவின் குற்றம் ஆகாது என்கிறது அது. மாமா தவணை ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. வங்கிப் பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டு, தேதிவாரியாக ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். வக்கீல் 15 நாளுக்குள் பதில் நோட்டீஸ் அனுப்பினார். இருந்தும் வழக்குப் போட்டார்கள், வாய்தா நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாமா பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகிறார், அன்றைய கூலி போகிறது. நோட்டீஸைக் கண்டு பயந்து பதிலே போடாமல் இருப்பவர்கள்தான் அதிகம் என்று வக்கீல் சொன்னார்.

வக்கீல் சொன்ன வேறு சில விவரங்களையும் எழுதிவிடுகிறேன். வேறு வழியில்லாமல் ஈட்டுக்குச் செக் கொடுக்க நேர்ந்தால், பெயரையும் கிராஸ் கோட்டையும் நாமே போட்டுவிட வேண்டும். செக் எண், கொடுக்கும் தேதி, எந்தக் கடனுக்கு ஈடு என்பதை ஒரு கடிதத்தில் எழுதி, அவர்கள் முத்திரையும் கையெழுத்தும் உள்ள நகலை வாங்கி வைக்க வேண்டும். கடன் முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றோடு அதே எண்ணுள்ள செக்குகளையும் திரும்ப வாங்க வேண்டும். சான்று மட்டும் வாங்கிக்கொண்டு செக்கை மறந்துவிடுகிறவர்கள் பலர். 2021 ஜனவரியில் வந்த பாசிட்டிவ் பே முறையில், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளின் எண், தேதி, பெயர், தொகையை நாமே வங்கிக்கு முன்கூட்டித் தெரிவிக்கலாம். ஸ்கேன் செய்த படம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் வங்கி பிடித்துவிடும். சைபர் சேர்க்கிறவர்களுக்கு இது நல்ல பூட்டு.

இன்னொன்று, நேரம். 2025 அக்டோபர் 4 முதல் செக்குகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பாமல், வரவர அனுப்பும் முறை வந்திருக்கிறது. பணம் கொடுக்கும் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். 'செக் நாளைக்குத்தான் வரும், காலையில் போய் நிறுத்தச் சொல்லலாம்' என்று இருந்த கணக்கு இனி ஆகாது. கொடுத்த செக்கில் ஏதோ சரியில்லை என்று தெரிந்த நிமிஷமே வங்கிக்குப் போன் செய்து, பிறகு எழுத்து மூலமும் கொடுத்து, அதற்கும் ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாமாவின் இரண்டாவது செக்கை அப்படித்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம். முத்திரை வாங்கிய அந்தக் கடிதமும் இப்போது பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கிறது.